காட்டு விலங்கிறைச்சியும் கோழியிறைச்சியும்: போசணை ஒப்பீடு

மான் இறைச்சி சிறந்ததா, கோழியிறைச்சி சிறந்ததா என்று வகுப்பிற் கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் தயங்காது மான் இறைச்சி என்றே விடையளிப்பர். காரணம் கேட்டால், அது காட்டில் வளர்ந்தது, இயற்கையானது, உடம்புக்குப் பலம் தருவது என்பர். இது வீட்டிற் பெரியோர் சொல்லக் கேட்ட விடை. வினாத்தாளில் "இயற்கையானது" என்ற சொல்லுக்குப் புள்ளி கிடையாது. எந்தப் போசணைக் கூறு, எவ்வளவு, ஏன் என்ற மூன்றையும் எழுதினால்தான் அது விடையாகும்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். கீழே தரப்படும் பெறுமானங்கள் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அமைப்பு அட்டவணைகளைத் தழுவியவை. யாவும் சமைக்காத 100 கிராம் இறைச்சிக்கானவை. முதலாம் தசமதானத்துக்கு மட்டந்தட்டப்பட்டுள்ளன. அங்கு அளவிடப்பட்ட மான் எமது புள்ளிமானோ மரையோ அன்று. ஆயினும் ஒப்பீட்டின் போக்கை விளங்கிக்கொள்ள இவை போதுமானவை.

மான் இறைச்சி: புரதம் 23.0 கிராம், கொழுப்பு 2.4 கிராம்
காட்டுப்பன்றி இறைச்சி: புரதம் 21.5 கிராம், கொழுப்பு 3.3 கிராம்
கோழியிறைச்சி (தோல் நீக்கியது): புரதம் 21.4 கிராம், கொழுப்பு 3.1 கிராம்
கோழியிறைச்சி (தோலுடன்): புரதம் 18.6 கிராம், கொழுப்பு 15.1 கிராம்

இரண்டாம், மூன்றாம் வரிகளை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். காட்டில் ஓடித்திரிந்த பன்றிக்கும் கூட்டில் வளர்ந்த புரொயிலர் கோழிக்கும் இடையே புரதத்தில் 0.1 கிராம், கொழுப்பில் 0.2 கிராம் மட்டுமே வித்தியாசம். பலரும் எதிர்பார்க்காத முடிவு இது. மாறாக, மூன்றாம், நான்காம் வரிகள் இரண்டும் ஒரே கோழியைப் பற்றியவை. அங்கே கொழுப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. கொழுப்பில் நாம் காணும் பெரிய இடைவெளி தோலினால் வருவது.

இதைச் சக்தியாகக் கணித்துப் பார்ப்போம். 1 கிராம் புரதம் 4 கிலோகலோரியையும் 1 கிராம் கொழுப்பு 9 கிலோகலோரியையும் தருமெனக் கொண்டால்,

மான்: (23.0 × 4) + (2.4 × 9) = 92.0 + 21.6 = 113.6 கிலோகலோரி
தோலுடன் கோழி: (18.6 × 4) + (15.1 × 9) = 74.4 + 135.9 = 210.3 கிலோகலோரி

மான் இறைச்சியின் சக்தியிற் கொழுப்பிலிருந்து வருவது 19 சதவீதம். தோலுடன் கூடிய கோழியில் 65 சதவீதம். தோல் நீக்கிய கோழிக்கு இதே கணிப்பை நீங்களே செய்து பாருங்கள். ஏறத்தாழ 25 சதவீதம் வரவேண்டும். காபோவைதரேற்று இறைச்சியில் மிகச் சொற்பமாதலால் கணிப்பிற் சேர்க்கப்படவில்லை.

கோழியின் தோலின் கீழ் இவ்வளவு கொழுப்பு சேர்வது ஏன்? புரொயிலர் கோழி ஐந்து, ஆறு வாரங்களில் இறைச்சிக்குத் தயாராகிவிடுகின்றது. சக்தி செறிந்த தீவனம் எந்நேரமும் முன்னால் இருக்கின்றது; நடமாட இடம் குறைவு. செலவாகாத மேலதிகச் சக்தி கொழுப்பாக மாறித் தோலின் கீழும் வயிற்றறையிலும் சேமிக்கப்படும். புரொயிலர் கோழிக்கு ஓமோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று சில மாணவர்கள் எழுதுவதுண்டு. அது ஊர்ப் பேச்சு. விரைவான வளர்ச்சிக்குக் காரணம் பல தலைமுறையாகச் செய்யப்பட்ட தெரிவு இனவிருத்தியும் தீவனமுமே. விடைத்தாளில் இந்த இரண்டையும் எழுதுங்கள்.

இனி இறைச்சியின் நிறத்துக்கு வருவோம். மான் இறைச்சி கடுஞ்சிவப்பு. கோழியின் நெஞ்சிறைச்சி வெளிர் நிறம். இந்த நிறத்தைத் தருவது குருதி என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது தசை நார்களினுள் இருக்கும் மயோகுளோபின் என்னும் புரதம். ஈமோகுளோபின் குருதியில் ஒட்சிசனைக் காவுகின்றது. மயோகுளோபின் தசைக்குள் ஒட்சிசனைச் சேமித்து வைக்கின்றது. இரண்டிலும் இரும்பு உண்டு. நீண்ட நேரம் தொடர்ந்து இயங்கும் தசைக்குக் காற்றுச் சுவாசம் தேவை; அதற்கு ஒட்சிசனும் இழைமணிகளும் தேவை. ஆகவே அத்தகைய தசையில் மயோகுளோபின் மிகுதி, நிறம் சிவப்பு, இரும்பும் கூடுதல். திடீரெனச் சிறிது நேரம் மாத்திரம் இயங்கும் தசை காற்றின்றிய சுவாசத்தைப் பெரிதும் நம்பியிருப்பதால் வெளிறியிருக்கும்.

இதற்குச் சான்று உங்கள் வீட்டுக் கறிச்சட்டியிலேயே உண்டு. கோழி நாள் முழுவதும் நடக்கிறது, நிற்கிறது, பறப்பது அரிது. அதனாற் காலிறைச்சி கருமை, நெஞ்சிறைச்சி வெண்மை. 100 கிராம் நெஞ்சிறைச்சியில் இரும்பு ஏறத்தாழ 0.4 மில்லிகிராம், தொடையிறைச்சியில் 0.8 மில்லிகிராம், அதாவது இரு மடங்கு. ஒரே விலங்கு, ஒரே தீவனம். வேலை மட்டுமே வேறு.

காட்டுப் பறவைகளிடையேயும் இதே விதியே. மேலை நாடுகளில் வேட்டையாடி உண்ணப்படும் பெசன்ற் என்னும் பறவை கோழியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் ஆபத்து வந்தாற் படபடவென்று எழும்பிச் சிறிது தூரம் பறந்து இறங்கிவிடும். அதன் இறைச்சியில் இரும்பு 100 கிராமுக்கு 1.2 மில்லிகிராம் அளவே. காட்டுவாத்தின் நெஞ்சிறைச்சியிலோ 4.5 மில்லிகிராம். ஆண்டுதோறும் வட ஆசியாவிலிருந்து மன்னார் வங்காலைச் சரணாலயத்துக்கு வந்துசேரும் ஊசிவால் வாத்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரம் இறக்கையடித்து வரும் அப்பறவையின் நெஞ்சுத் தசை வெளிறியிருக்க முடியுமா? பெசன்ற், காட்டுவாத்து இரண்டுமே வேட்டைப் பறவைகள்தாம். இரும்பின் அளவை நிருணயித்தது தசை செய்யும் வேலை. "காட்டில் வளர்ந்தமையால் இரும்பு அதிகம்" என்ற விடை ஏன் முழுமையற்றது என்பது இப்போது தெளிவாகும்.

மான் இறைச்சியின் உண்மையான மேன்மையும் இங்கேதான் உள்ளது. 100 கிராமில் இரும்பு 3.4 மில்லிகிராம்; தோல் நீக்கிய கோழியில், எல்லாப் பகுதிகளையும் சேர்த்து, 0.9 மில்லிகிராம். விற்றமின் பீ12 மானில் 6 மைக்குரோகிராமுக்கு மேல், கோழியில் 0.4 அளவு. நாகமும் மானிலே சற்றுக் கூடுதல். மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பை அறைகளில் வாழும் பற்றீரியாக்கள் விற்றமின் பீ12ஐத் தொகுக்கின்றன. மாட்டிறைச்சியிலும் இவ்விற்றமின் மிகுந்திருப்பது இதே காரணத்தினாலாகும். அந்தப் பற்றீரியாக்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. புல்லிலும் இலையிலும் உள்ள நிரம்பாத கொழுப்பமிலங்களுக்கு ஐதரசனைச் சேர்த்து நிரம்பியவையாக்கிவிடும். ஆகவே மான் கொழுப்பில் நிரம்பிய கொழுப்பமிலங்களின் பங்கு கோழிக் கொழுப்பிலுள்ளதை விட அதிகம். மொத்தக் கொழுப்பே குறைவாதலால் இது பெரிய குறையன்று. ஆனால் மான் கொழுப்பு "நல்ல கொழுப்பு" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக் கூடாது.

கொழுப்புக் குறைந்த இறைச்சி எவ்வளவு உண்டாலும் நன்மையே என்று எண்ணுவதும் தவறு. வட துருவப் பகுதிகளிற் குளிர்காலத்தில் மெலிந்த முயல் இறைச்சியை மாத்திரம் உண்டு வாழ முயன்றவர்கள் வயிறு நிறைய உண்டும் நோயுற்றனர். இதனை முயற் பட்டினி என்பர். மிகையான அமினோ அமிலங்களை ஈரல் யூரியாவாக மாற்ற வேண்டும். அவ்வாறு மாற்றக்கூடிய வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. சோறும் பருப்பும் தேங்காயும் சேரும் எமது உணவில் இந்நிலை ஏற்படாது. யூரியா பற்றிய வினாவுக்கு நல்ல உதாரணமாக இதை நினைவில் வைத்திருக்கலாம்.

அப்படியானால் இரும்புக்காக மான் இறைச்சியைத் தேட வேண்டுமா? இந்த வினா மாணவிகளுக்கு மிக முக்கியமானது. மாதவிடாயினால் இரும்பை இழக்கும் வயது இது. 14 முதல் 18 வயது வரையான பெண்களுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராமும் அதே வயது ஆண்களுக்கு 11 மில்லிகிராமும் இரும்பு தேவையென அமெரிக்கப் பரிந்துரை கூறுகின்றது. களைப்பு, மூச்சிரைப்பு, படிப்பிற் கவனமின்மை என்பன சோம்பலாக அன்றி இரும்புக் குறைபாட்டுக் குருதிச்சோகையின் அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும். கோழியின் ஈரலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் இரும்பு உண்டு. மானைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல்! கடையில் முழுக்கோழி வாங்கும்போது கூடவே வரும் ஈரலைப் பூனைக்குப் போடுகின்ற வீடுகளும் உண்டு. ஈரல் கிடைக்காத நாளில் நெஞ்சிறைச்சிக்குப் பதிலாகக் காலிறைச்சியை எடுத்துக்கொண்டாலும் இரும்பு இரட்டிப்பாகும்.

இறைச்சியிலுள்ள ஈம் இரும்பு தாவர உணவிலுள்ள இரும்பிலும் பார்க்க இலகுவாக அகத்துறிஞ்சப்படும். அத்துடன், ஒரே வேளையில் உண்ணும் கீரை, பருப்பு என்பவற்றிலுள்ள இரும்பின் அகத்துறிஞ்சலையும் இறைச்சி கூட்டும். தேசிக்காய்ப் புளியிலுள்ள விற்றமின் சீயும் அவ்வாறே. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரிலுள்ள தனின் இதற்கு எதிராக வேலை செய்யும். தேநீரை ஒரு மணி நேரம் பிந்திக் குடிப்பதற்குப் பணம் செலவாகாது.

இலங்கையில் மான், மரை போன்றவற்றைக் கொல்வதும் அவற்றின் இறைச்சியை விற்பதும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். எமது தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியும் பாதுகாக்கப்பட்டதே. சட்டம் ஒருபுறமிருக்க, சுகாதாரக் காரணமும் உண்டு. அனுமதி பெற்ற கொல்களத்தில் விலங்கையும் இறைச்சியையும் பரிசோதிக்க ஒழுங்குண்டு. இரவில் ஒளித்துக் கொண்டுவரப்படும் இறைச்சியை எவரும் பரிசோதிப்பதில்லை. காட்டுப்பன்றியின் தசையில் திரிக்கினெல்லா என்னும் வட்டப்புழுவின் குடம்பிகள் இருக்கலாம். துவக்கினாற் சுடப்பட்ட விலங்கின் இறைச்சியில் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணிக்கைகள் தங்கலாம்; ஈயம் சிறுவர்களின் நரம்புத் தொகுதியைப் பாதிக்கும். பன்றிக்கென வைக்கப்படும் வாய்வெடியைக் கடித்து யானைக் குட்டிகள் தாடை சிதைந்து பட்டினியால் இறக்கின்றன. கம்பிக் கண்ணிகளிற் சிறுத்தைகள் சிக்குகின்றன. 3 மில்லிகிராம் இரும்புக்கு இது மிகப் பெரிய விலை.

கோழியிறைச்சியும் ஆபத்து அற்றதன்று. சல்மொனெல்லா பற்றீரியா பச்சைக் கோழியிற் சாதாரணமாகக் காணப்படும். உட்பகுதி 74 பாகை செல்சியசை அடையும் வரை சமைக்க வேண்டும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையிற் கழுவாமல் மரக்கறி வெட்டலாகாது.

மாதிரி வினா

1. ஒருவர் 200 கிராம் கோழியிறைச்சியைத் தோலுடன் சமைப்பதற்குப் பதிலாக, தோல் நீக்கிய 200 கிராம் இறைச்சியைச் சமைக்கின்றார். மேலே தரப்பட்ட பெறுமானங்களைக் கொண்டு சக்தியிலுள்ள வித்தியாசத்தைக் கணிக்க.

2. மானின் தொடைத் தசை சிவப்பாகவும் கோழியின் நெஞ்சுத் தசை வெளிறியும் இருப்பதற்கான காரணத்தை விளக்குக.

3. குருதிச்சோகையுள்ள மாணவி ஒருவருக்குச் சட்டபூர்வமாகவும் மலிவாகவும் கிடைக்கும் இரண்டு உணவு ஆலோசனைகளைக் காரணத்துடன் தருக.

விடைக் குறிப்பு

1. தோலுடன் 420.6 கிலோகலோரி; தோலின்றி 227.0 கிலோகலோரி, வித்தியாசம் 193.6 கிலோகலோரி. அலகு எழுதாவிடின் புள்ளி குறையும்.

2. தொடர் இயக்கம், காற்றுச் சுவாசம், மயோகுளோபின், இழைமணி ஆகிய நான்கையும் தொடர்புபடுத்தி எழுதுக. வெளிறிய தசைக்குக் குறுகிய நேர இயக்கத்தையும் காற்றின்றிய சுவாசத்தையும் குறிப்பிடுக.

3. கோழி ஈரல் (இரும்பு செறிவு அதிகம்); கீரைக் கறியுடன் தேசிக்காய்ப் புளி (விற்றமின் சீ இரும்பின் அகத்துறிஞ்சலைக் கூட்டும்). தேநீரைப் பிந்திக் குடித்தல் என எழுதினும், தனினைக் காரணமாகக் காட்டியிருப்பின் ஏற்றுக்கொள்ளலாம்.