உஷார்! வெயிலை விலைக்கு வாங்காதீர்கள்

முகப்புக் கண்ணாடிக்கு இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லையா? தயவுசெய்து இதைப் படித்து முடிக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நீங்கள் கட்டுவது ஜவுளிக்கடையாக இருக்கலாம், கிளினிக்காக இருக்கலாம், வங்கிக்கும் கோச்சிங் சென்டருக்கும் வாடகைக்கு விடப்போகும் நாலு மாடிக் காம்ப்ளெக்ஸாக இருக்கலாம். எதுவானாலும், அந்த ஒரு கையெழுத்து அடுத்த முப்பது வருட மின்கட்டணத்தை முடிவு செய்துவிடும். கட்டடங்களின் மின்செலவைத் தணிக்கை செய்து பிழைப்பவன் நான். ஊருக்கு ஊர் புறவழிச்சாலைகளில் எழும்பும் கண்ணாடி முகப்புகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு கலங்குகிறது.

போன சித்திரையில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கட்டடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்து மாடி, மேற்குப் பார்த்த முகப்பு, தரையிலிருந்து உச்சிவரை நீலக் கண்ணாடி. மூன்றாம் மாடி அலுவலகத்துக்குள் நான் நுழைந்தபோது மணி நாலு. கண்ணாடி ஓரமாக இருந்த இரண்டு வரிசை மேஜைகளும் காலி. எல்லாரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிழக்குச் சுவர் பக்கம் ஒண்டியிருந்தார்கள். கண்ணாடியில் ஆள் உயரத்துக்கு செய்தித்தாள் ஒட்டியிருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே அத்தனை டியூப்லைட்டும் எரிகிறது. ஏசி ரிமோட்டில் 18. கம்ப்ரசர் ஒரு நிமிடம்கூட ஓயவில்லை.

“வாடகைக்கு இருக்கவங்க காலி பண்ணிருவேன்னு சொல்லுதாங்க சார். கரண்ட் பில்லு அவங்களுக்குக் கட்டுப்படியாகலியாம்” என்றார் உரிமையாளர். முகம் வாடிப்போயிருந்தது.

“அண்ணாச்சி, இந்தக் கண்ணாடி வாங்கும்போது எஸ்.எச்.ஜி.சி. எவ்வளவுன்னு கேட்டீங்களா?”

“அப்படின்னா என்ன சார்? கலர் மட்டும்தான் காட்டுனாங்க. பச்சையா நீலமான்னு கேட்டாங்க.”

யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய எண் அது ஒன்றுதான். கண்ணாடிமேல் விழும் வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதே எஸ்.எச்.ஜி.சி. சாதாரணத் தெளிந்த கண்ணாடிக்கு அது 0.8-ஐ ஒட்டி இருக்கும். அதாவது, பத்துப் பங்கு வெப்பம் விழுந்தால் எட்டுப் பங்கு உங்கள் அறைக்குள் வந்துவிடும். கோடையில் மாலை நாலு மணிக்கு மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டரில் 600 வாட் விழுவதாக, கொஞ்சம் குறைத்தே, வைத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பத்தடி தெளிந்த கண்ணாடி வழியாக ஏறக்குறைய 4.5 கிலோவாட் வெப்பம் நுழையும். அதை வெளியே தள்ள மட்டும் ஒன்றேகால் டன் ஏசி வேண்டும். நாற்பதடி அகலம், ஐம்பதடி உயரம் உள்ள முகப்பு முழுக்க அதே கண்ணாடி என்றால் 25 டன். ஆட்கள், கணினி, விளக்கு எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. வெயிலுக்கு மட்டுமே 25 டன்!

அந்த எண்ணை 0.27-க்குக் கொண்டுவந்தால் இதே வெப்பம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இந்த 0.27 நானாகச் சொல்வதல்ல. ஏசியிலும் ஃப்ரிட்ஜிலும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டவைத்த பி.இ.இ. என்ற மத்திய அரசு அமைப்பு, கட்டடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பை 2007-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. நம்மைப்போன்ற புழுக்கமான கடலோரத் தட்பவெப்பத்துக்கு அது விதித்த உச்ச அளவு 0.27. வெளிச்சுவரில் கண்ணாடி 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றும் அதன் நேரடி வழிமுறை சொல்கிறது. தாண்டினால், மொத்தக் கட்டடத்தின் மின்செலவும் கூடவில்லை என்று கணக்குப் போட்டு நிரூபிக்கவேண்டும். ஆனால் அந்தத் தொகுப்பு 100 கிலோவாட் இணைப்பு அல்லது 120 கே.வி.ஏ. டிமாண்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள மாவட்டத் தலைநகரக் கட்டடங்களில் இதைக் கேட்க ஆளே இல்லை. நீங்கள்தான் கேட்கவேண்டும்.

“எங்க கட்டடம் வடக்குப் பார்த்தது, கவலையில்லை” என்பவர்களும் உஷார். வடக்கு முகத்துக்கு வெயில் வராது என்பது டெல்லிக்காரர்களின் கணக்கு. திருநெல்வேலியில் சித்திரை பிறக்கும்போதே நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன்பின் ஆவணி பாதிவரை அது வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. சென்னையிலும் கோடை முழுக்க இதே கதை. அதனால்தான் 15 பாகைக்கு வடக்கே உள்ள ஊர்களின் வடக்கு முகக் கண்ணாடிக்கு 0.50 வரை தளர்வு தந்த அதே விதி, தெற்கே இருக்கும் நமக்கு அந்தத் தளர்வைத் தரவில்லை. தமிழ்நாடு முழுவதும் அந்தக் கோட்டுக்குத் தெற்கேதான் இருக்கிறது.

வெயிலே அரிதாக வரும் லண்டனில் 2013-ல் நடந்ததைக் கேளுங்கள். ஃபென்சர்ச் தெருவில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கண்ணாடிக் கோபுரத்தின் உள்வளைந்த முகப்பு, குழியாடிபோல வெயிலைக் குவித்துத் தெருவில் இறக்கியது. அங்கே நிறுத்தியிருந்த ஜாகுவார் காரின் பாகங்கள் உருகி நெளிந்தன. பிறகு வெளியே வெயில்தடுப்புச் சட்டங்களைப் பொருத்தித்தான் அதை அடக்கினார்கள். உலகப் புகழ் பெற்ற கட்டடக்கலைஞர் வரைந்த கட்டடம் அது. வரைபடத்தில் வெயிலைக் கணக்கில் எடுக்காவிட்டால் பெயரும் புகழும் காப்பாற்றாது.

கட்டி முடித்தபிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம். உட்பக்கம் திரை போட்டால், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையைச் சூடாக்கி, அந்தச் சூடு அறைக்குள்தான் நிற்கும். வெளியே ஒரு அடி சன்ஷேடு செய்யும் வேலையை உள்ளே விலையுயர்ந்த திரைச்சீலை செய்யாது. ஃபிலிம் ஒட்டினால் கொஞ்சம் குறையும், ஆனால் எல்லாக் கண்ணாடியும் அதைத் தாங்காது. சூட்டை உறிஞ்சி விரிசல் விட்டவற்றைப் பார்த்திருக்கிறேன். கறுத்த ஃபிலிம் வெளிச்சத்தையும் விழுங்கிவிடுவதால் பகலிலும் விளக்குப் போடவேண்டும். இன்னொன்று: சூடேறிய கண்ணாடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்மேல் அடுப்புபோல அனல் வீசும். அறைக்காற்று 24 பாகையில் இருந்தாலும் அவருக்குப் புழுங்கும். உடனே ரிமோட்டை 18-க்கு இறக்குவார். ஒரு பாகை கூட்டினாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று 2018-லேயே அரசு சொல்லிவிட்டது. 24-க்கும் 18-க்கும் நடுவே ஆறு பாகை.

“மாடியில சோலார் போட்டுக்கலாம்” என்பது அடுத்த ஆறுதல். சோலார் நல்லதுதான், போடுங்கள். ஆனால் கணக்கையும் பாருங்கள். மாடிக்கு 5,000 சதுர அடி வீதம் ஐந்து மாடி என்றால் மொத்தம் 25,000. நம் வெயிலில், மோசமாகக் கட்டிய ஏசிக் கட்டடம் வருடம் நாலரை லட்சம் யூனிட்டைச் சர்வசாதாரணமாகத் தின்னும். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை போக மொட்டைமாடியில் பாதி மிஞ்சினால் 25 கிலோவாட் பேனல் நிற்கும். கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் என்றால் வருடம் 36,500. பத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஓட்டையை அடைக்கவேண்டாமா?

கட்டடம் கட்டுகிறவர்களுக்கு இதுவரை சொன்னேன். வாடகைக்கோ விலைக்கோ எடுக்கிறவர்களுக்கு வேறோர் எச்சரிக்கை: வாசலில் மாட்டியிருக்கும் பசுமைப் பலகையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். லீட், ஐ.ஜி.பி.சி., கிருஹா என்ற தரச்சான்றுகளின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஹைதராபாத்தின் சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை மையம் 2003-ல் லீட் பிளாட்டினம் வாங்கியபின்தான் இந்தியாவில் இப்படியொரு பேச்சே எழுந்தது. ஆனால் அந்தச் சான்றுகளில் மதிப்பெண் பல பக்கத்திலிருந்து வரும். தண்ணீருக்கு, செடிகொடிக்கு, மறுசுழற்சிப் பொருளுக்கு, மின்சாரத்துக்கு என்று எல்லாம் சேர்ந்து கூட்டுத்தொகை. அதோடு, மின்சார மதிப்பெண் பெரும்பாலும் கட்டி முடிக்கும் முன் கணினியில் போட்ட கணக்கு. குடிவந்தபின் மீட்டர் என்ன சொல்கிறது என்பது வேறு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் நகரத்து அரசுக் கட்டடம் லீட் சான்று வைத்திருந்தது. ஆனால் மின்சாரச் சிக்கனத்துக்கான எனர்ஜி ஸ்டார் முத்திரைக்குத் தேவையான மதிப்பெண் அதனிடம் இல்லை என்று 2009-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

ஆஸ்திரேலியா இதை நேராகப் பிடித்தது. அங்கே நேபர்ஸ் என்ற தரவரிசை, ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் பன்னிரண்டு மாத மின்பயன்பாட்டை வைத்து நட்சத்திரம் தருகிறது. பெரிய அலுவலகத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் செய்தால் அந்த நட்சத்திரத்தையும் சேர்த்துப் போடவேண்டும் என்று 2010-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில் பெரிய கட்டடங்களின் வாசலில் பள்ளிக்கூட ரேங்க் அட்டைபோல ஏ, பி, சி, டி என்று எழுத்து ஒட்டியிருக்க வேண்டும். நம் பி.இ.இ.யும் அலுவலகக் கட்டடங்களுக்கு 2009-லேயே நட்சத்திரத் திட்டம் கொண்டுவந்தது, ஆனால் அது விருப்பப்பட்டவர்கள் சேர்வது. ஆகவே அதில் உள்ள கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு மாத ஈபி பில்லில் உள்ள யூனிட்டுகளைக் கூட்டி, ஜெனரேட்டர் தந்ததையும் சேர்த்து, சதுர மீட்டர் பரப்பால் வகுக்கவேண்டும். 10,000 சதுர அடி என்பது 929 சதுர மீட்டர். வருடம் ஒன்றரை லட்சம் யூனிட் ஓடினால் விடை 161. பாதிக்குமேல் ஏசி உள்ள நம் பக்கத்து அலுவலகத்துக்கு, அந்தத் திட்டம் வகுத்த அளவின்படி 100-க்குக் கீழே வந்தால் ஐந்து நட்சத்திரம், 200-ஐத் தாண்டினால் ஒன்றுகூடக் கிடையாது. இரவு முழுக்க ஓடும் மருத்துவமனையை இந்த அளவில் நிறுத்தக்கூடாது, அலுவலகத்துக்கு மட்டும்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பன்னிரண்டு பில்லையும் கேளுங்கள். “பசுமைக் கட்டடம் சார்” என்று பேச்சை மாற்றி, பில்லை மட்டும் காட்ட மறுத்தால், அங்கேயே நிதானியுங்கள்.

கண்ணாடிக்கு இடையே மின்னுகிறதே, அந்த ஏசிபி ஷீட்டையும் விட்டுவிட முடியவில்லை. இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே இருப்பது வெறும் பாலிஎதிலீன் என்றால், அது சுவரில் ஒட்டிய எரிபொருள். லண்டனில் கிரென்ஃபெல் குடியிருப்புக் கோபுரத்தைப் புதுப்பித்தபோது, வெப்பம் வெளியே போகாமலிருக்க வெளிச்சுவரில் காப்புப் பலகை பதித்து, அதன்மேல் இந்த வகைத் தகட்டைப் போர்த்தினார்கள். 2017 ஜூன் 14 நள்ளிரவுக்குப் பிறகு ஒரு வீட்டுச் சமையலறையில் பிடித்த தீ அதன் வழியே உச்சிவரை ஏறியது. 72 பேர் மாண்டார்கள். தீயைத் தாங்கும் கிரேடுதானா என்று சோதனைச் சான்றோடு கேட்டு வாங்குங்கள். “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பவரிடம் வாங்காதீர்கள்.

திருநெல்வேலி அண்ணாச்சி இப்போது பக்கத்து மனையில் இரண்டாவது கட்டடம் எழுப்புகிறார். வரைபடத்தை இந்த முறை முதலிலேயே என்னிடம் அனுப்பினார். மேற்கே மாடிப்படியும் லிஃப்டும் கழிப்பறையும். வெயிலை அவை வாங்கிக்கொள்ளட்டும். தெற்கிலும் வடக்கிலும் தலைக்குமேல் இரண்டரை அடி சன்ஷேடு வைத்த ஜன்னல்கள். மொட்டைமாடியில் வெள்ளை ஓடு. சென்னை உயர்நீதிமன்றத்தையும் பழைய கல்லூரிகளையும் சுற்றி ஆழமான வராந்தா ஓடுகிறதே, அதன் வேலையும் வெயிலைச் சுவருக்கு வெளியிலேயே தடுப்பதுதான். பழைய கட்டடத்தின் மேற்கு முகத்துக்கு வெளியே அலுமினியச் சட்டங்களைப் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடிக்குக் கொடுத்த காசில் பாதி அதற்குப் போகிறது என்று வருத்தப்பட்டார். வேறு வழியில்லை.

ஏனென்றால் முகப்புக்குப் போடும் டஃபன்டு கிளாஸைச் சூளையில் போட்டு இறுக்கியபிறகு அறுக்கவும் முடியாது, துளைபோடவும் முடியாது. உங்கள் அளவுக்கு வெட்டி, இறுக்கி, லாரியில் ஏற்றிவிட்டால் எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுக்கமாட்டார். நாளைக்கு அவர் சாம்பிளோடு வரும்போது நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் எஸ்.எச்.ஜி.சி. எண்ணைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.