புளிப்புக் கோசு

ஜெர்மனியில் பனிக்காலம் நீண்டது. அப்பொழுது நிலத்தில் காய்கறி விளைவது அரிது. ஆகவே, அந்நாட்டு உழவர் குடும்பத்தினர் இலையுதிர் காலத்திலேயே முட்டைக்கோசை மெல்லியதாகச் சீவி, உப்பிட்டுப் பிசைந்து, பெரிய சாடிகளில் அழுத்தி நிரப்பினர். நீர் ஊற்ற வேண்டுவதில்லை. உப்புப் பட்ட கோசே நீர் விடும். அந்நீருக்கு மேல் கோசு எழாதவாறு பலகையிட்டுக் கல்லை ஏற்றினர். எழுந்தால் பூஞ்சை படரும். பனிக்காலம் முழுமைக்குமான கறி வீணாகும்.

நீரினுள் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள், கோசிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. தயிருக்குப் புளிப்புத் தருவதும் இவ்வமிலமே. அதுவே கோசைக் கெடாமல் காக்கிறது. சில வாரங்களில் ஆயத்தமாகும் இவ்வுணவின் பெயர் 'சாவர்கிராவுட்'. புளிப்புக் கோசு என்பது பொருள். பழங்கள் கிடைக்காத மாதங்களில் உடலுக்கு வேண்டிய 'சி' உயிர்ச்சத்தையும் இது அளித்தது. வேகவைத்த உருளைக்கிழங்குடன் இன்றும் ஜெர்மானியர் இதனை உண்கின்றனர்.