செல்லப்பிராணி சாகலாமா? 1973-லேயே குழந்தைகளிடம் பேசிய ‘ஸ்டார் ட்ரெக்’ கார்ட்டூன்!

பாலைவனத்தில் இரவு. அடிபட்டுக் கிடக்கும் செல்லப்பிராணியைக் காப்பாற்ற, வைத்தியரைத் தேடித் தன்னந்தனியாக ஓடுகிறான் 7 வயதுச் சிறுவன். வைத்தியரும் வருகிறார். ஆனால், விஷம் ஏறிவிட்டது. மருந்து கொடுத்தால் கொஞ்ச காலம் உயிரோடு இருக்கும். வலியும் கூடவே இருக்கும். இல்லையென்றால் நிம்மதியாகப் போகவிடலாம். எது வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியவன் அந்தச் சிறுவன்தான்.

இது ஏதோ பெரியவர்களுக்கான படம் அல்ல. 1973-ல் அமெரிக்காவில் சனிக்கிழமை காலையில் குழந்தைகளுக்காக ஒளிபரப்பான கார்ட்டூன். அந்தச் சிறுவன், பின்னாளில் உலகமே கொண்டாடிய கூர்மையான காதுக்காரர் ஸ்பாக்!

மறுபடியும் பறந்த விண்கலம்

‘ஸ்டார் ட்ரெக்’ தொடர் 1966 செப்டம்பர் 8-ல் தொடங்கி, 79 எபிசோடுகளோடு 1969-ல் நின்றுபோனது. ஆனால், மறு ஒளிபரப்புகளில் ரசிகர் கூட்டம் பெருகிக்கொண்டே போனது. சரியாக 7 ஆண்டுகள் கழித்து, 1973 செப்டம்பர் 8-ல் அதே என்.பி.சி. சேனலில் கார்ட்டூனாகத் திரும்பி வந்தது. தயாரித்தது ஃபிலிமேஷன் நிறுவனம். கேப்டன் கிர்க்காக வில்லியம் ஷாட்னர், ஸ்பாக்காக லியோனார்ட் நிமாய் என, முதல் தொடரில் நடித்தவர்களே குரல் கொடுத்தார்கள்.

‘அவர்கள் இல்லாமல் நானும் இல்லை’

குரல் கொடுப்பதில்தான் முதல் சிக்கல். செலவைக் குறைக்க, உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸையும் சூலுவாக நடித்த ஜார்ஜ் டக்கேயையும் விட்டுவிட்டு, மற்றவர்களை வைத்தே அந்தக் குரல்களைச் சமாளித்துவிடலாம் என்பது திட்டம். ஒருவர் கறுப்பினப் பெண், இன்னொருவர் ஜப்பானிய வம்சாவளி. எல்லா இனத்தவரும் ஒரே கப்பலில் சமமாக வேலை பார்ப்பதுதானே ஸ்டார் ட்ரெக்கின் அடையாளம்? அவர்கள் இருவரும் இல்லையென்றால் தானும் குரல் கொடுக்க மாட்டேன் என்று நிமாய் உறுதியாக நின்றார். இருவரும் உள்ளே வந்தார்கள்.

செக்கோவாக நடித்த வால்டர் கோனிக்குக்கு மட்டும் பட்ஜெட்டில் இடம் கிடைக்கவில்லை. ஆனாலும், ஒரு எபிசோடுக்கு அவர் கதை எழுதினார். இன்னொரு எபிசோடில் கப்பலில் இருக்கும் ஆண்கள் எல்லாம் செயலிழந்துபோக, உஹுரா கேப்டன் பொறுப்பை ஏற்கிறார். நடிகர்களை வைத்து எடுத்த முதல் தொடரில் அவருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது!

குறைகளும் உண்டு

இன்றைய அனிமேஷனோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரலாம். முகத்தில் வாய் மட்டும் அசையும். ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். விண்வெளி உடை வரைவதற்குப் பதிலாக, இடுப்பில் ஒரு பெல்ட்; உடம்பைச் சுற்றி மஞ்சள் ஒளி. அவ்வளவுதான், வெட்டவெளியில் நடக்கலாம்!

அதே சமயம், செட் போட்டு எடுக்க முடியாததையெல்லாம் பென்சில் சாதித்தது. மூன்று கை, மூன்று கால் கொண்ட அரெக்ஸ், பூனை முகம் கொண்ட ம்ரெஸ் என்று புதிய அதிகாரிகள் கப்பலில் ஏறினார்கள். கடலுக்கு அடியில்கூட ஒரு கதை நடந்தது.

ஒரு பிராணியின் மரணம்

தொடக்கத்தில் பார்த்த காட்சி ‘யெஸ்டர்இயர்’ என்ற எபிசோடில் வருகிறது. எழுதியவர் டி.சி. ஃபோண்டானா. வரலாறு மாறிப்போய், தான் சிறுவயதிலேயே இறந்துவிட்டதாக எல்லோரும் சொல்வதைக் கேட்கிறார் ஸ்பாக். காலத்தில் பின்னோக்கிப் போய், தூரத்துச் சொந்தக்காரர்போல் தன் வீட்டுக்கே விருந்தாளியாகிறார். அப்பாவின் எதிர்பார்ப்பு, மற்ற சிறுவர்களின் கேலி, எதையும் வெளிக்காட்டத் தெரியாமல் தவிக்கும் தன் பிஞ்சு முகம்... எல்லாவற்றையும் பெரியவராக நின்று பார்க்கிறார். பாலைவனத்தில் கொடிய விலங்கு தாக்க, சிறுவனைக் காப்பாற்றக் குறுக்கே பாய்கிறது கரடியைப் போன்ற அந்த வளர்ப்புப் பிராணி.

குழந்தைகள் நிகழ்ச்சியில் செல்லப்பிராணி சாவதா என்று சேனல் தரப்பு தயங்கியது. ஃபோண்டானா கதையை மாற்றவில்லை. ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அவருக்குத் துணை நின்றார். பிராணி பிழைத்துவிட்டதாகக் காட்டியிருந்தால், அந்த எபிசோடை இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். வலியோடு வைத்திருப்பது நம் ஆசைக்காகவா, அந்த ஜீவனுக்காகவா? அந்தக் கேள்விக்கு 7 வயது ஸ்பாக் சொல்லும் பதில், நாயோ பூனையோ வளர்த்த எந்த வீட்டுக்கும் புரியும்.

கடைசியில் கிடைத்த மரியாதை

22 எபிசோடுகளோடு 1974-ல் தொடர் முடிந்தது. 1975-ல் குழந்தைகள் தொடருக்கான டேடைம் எம்மி விருது கிடைத்தது. ஸ்டார் ட்ரெக்குக்குக் கிடைத்த முதல் எம்மியே இந்தக் கார்ட்டூனுக்குத்தான்! பின்னாளில் ‘இது கணக்கில் வராது’ என்று பல காலம் ஒதுக்கி வைத்தார்கள். ஆனாலும், கிர்க்கின் நடுப்பெயர் ‘டைபீரியஸ்’ என்பது இங்கிருந்துதான் வந்தது. இதில் அறிமுகமான கேப்டன் ராபர்ட் ஏப்ரல், 2022-ல் வந்த ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ தொடரில் ரத்தமும் சதையுமாக வந்து நின்றார்.

முழுத் தொடரையும் பார்க்கப் பொறுமை இல்லையா? ‘யெஸ்டர்இயர்’ மட்டும் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் அவர்கள் கேள்வி கேட்பார்கள்!