மூக்கு வழியே மூளைக்கு ஒரு கேமரா

மாமா கம்ப்யூட்டர் வாங்கி மூன்றாவது வாரம் போன் செய்தார். "மாப்ளே, மானிட்டர்ல இடது ஓரத்து ஐகான் சரியாத் தெரியல. வலது மூலைக் கடிகாரமும் அப்படித்தான்." ரெசல்யூஷனை மாற்றச் சொன்னேன். கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னேன். என் புத்தி வேறு எங்கே போகும்? நேரில் போய்ப் பார்த்தால் மானிட்டரில் கோளாறே இல்லை. தலையைத் திருப்பினால்தான் தெரிகிறது என்றார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி.

பட்டாணி அளவுள்ள இந்தச் சுரப்பி மூளையின் அடியில், மூக்கின் பின்னுள்ள காற்றறையை ஒட்டி இருக்கிறது. இதற்கு மேலேதான் இரண்டு கண் நரம்புகளும் சந்திக்கின்றன. கட்டி வளர்ந்து அழுத்தினால் இருபுறமும் ஓரப்பார்வை குறையும்.

"மண்டையைத் திறப்பாங்களா?" என்று அத்தை அழுதார். திறக்கவில்லை. 4 மி.மீ. தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை மூக்குத் துவாரம் வழியே செலுத்தி, மெல்லிய எலும்பில் சிறு வழி செய்து, கட்டியைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். கேமரா காட்டுவது பெரிய மானிட்டரில் தெரியும்.

பக்கத்தில் இன்னொரு மானிட்டர் உண்டு. அதுதான் நேவிகேஷன். முன்பே எடுத்த ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நோயாளியின் முகத்துடன் பொருத்துகிறார்கள். பல கருவிகளில் இன்ஃப்ராரெட் கேமரா ஒன்று, டாக்டர் கையிலுள்ள கருவியின் முனை எங்கே என்று கணித்து ஸ்கேன் படத்தின் மீது காட்டும். கிட்டத்தட்ட ஜி.பி.எஸ். மாதிரிதான். ஆனால் ஓரிரு மி.மீ. பிசகலாம். தவிர, அது பழைய படம். கட்டியை எடுத்த பிறகும் கட்டி இருப்பதாகவே காட்டும்! எனவே டாக்டரின் கண்தான் கடைசித் தீர்ப்பு.

எல்லாக் கட்டிக்கும் இந்த வழி ஒத்துவராது. மூளை நீர் மூக்கில் கசியும் ஆபத்தும் உண்டு. வீடு திரும்பிய பின் தண்ணீர் போல ஒழுகினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூளைக்குள் நீர் தேங்கும் சிலருக்கு, மண்டையில் சிறு துளையிட்டு எண்டோஸ்கோப் மூலம் மாற்று வழி அமைக்கிறார்கள். 1923ல் பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர் இதை முதலில் செய்தது, சிறுநீர்ப்பாதையைப் பார்க்கும் கருவியால்!

ஸ்கேன் சென்டரில் தரும் சி.டி.யை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம். உள்ளிருப்பவை டைகாம் ஃபைல்கள். சாதாரணமாக டபுள் கிளிக் செய்தால் திறக்காது. பெரும்பாலும் சி.டி.யிலேயே வியூவர் புரோகிராம் இருக்கும். இல்லையேல் 3டி ஸ்லைசர் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த ஃபைலுக்குள் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் பதிவாகியிருக்கும், கண்டவருக்கும் அனுப்பாதீர்கள்.

மாமாவுக்கு இப்போது கடிகாரம் தெரிகிறது. இடது ஓரம் மட்டும் இன்னும் மங்கல். ஆட்டோ அரேஞ்ச் டிக்கை எடுத்துவிட்டு, ஐகான்களை நடுவில் இழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன்.