இருபது வயசு புரோபாக்ஸும் இளைத்துப்போன சம்பளமும்

யாங்கோன் லேடான் சந்திப்பில் சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம் போய்விடும். போன மே மாதம், மழை தொடங்குவதற்கு முந்தைய புழுக்கத்தில், அங்கேதான் என் காரின் ஏ.சி. வெந்நீர் அறையில் இருந்து வருவதுபோல் காற்றை ஊத ஆரம்பித்தது. ஐந்து நிமிஷத்தில் பானட் ஓரமாக ஆவி. பின் சீட்டில் இருந்த மகள், "அப்பா, கார் இட்லி வேகவைக்குதா?" என்று கேட்டாள். சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

வண்டி 2004 மாடல் டொயோட்டா புரோபாக்ஸ். ஜப்பானில் இது சேல்ஸ்மேன்களும் சின்னக் கடைக்காரர்களும் சாமான் ஏற்றிக்கொண்டு அலைகிற வேன். 1,500 சிசி பெட்ரோல் எஞ்சின், பின்னால் நாலு மூட்டை அரிசி போடலாம், அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அங்கே பல வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற வண்டிகள்தான் யாங்கோன் டாக்ஸிகளில் பாதிக்குப் பாதி என்று தோன்றும். சரக்கு வேன்களுக்கு ஜப்பானில் ஒவ்வொரு வருஷமும் கட்டாயப் பரிசோதனை உண்டு. வயசாக ஆக அதற்கு ஆகும் செலவு கூடும். அதனால் நன்றாக ஓடுகிற வண்டியையும் அவர்கள் கைகழுவி விடுகிறார்கள். நமக்கு அது யோகம்.

"புதுசா ஒண்ணு வாங்கேன்" என்று டொரோண்டோவில் இருக்கும் மச்சான் போனில் சொல்வார். எனக்குச் சம்பளம் கியாட்டில். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 1,330 கியாட். அடுத்த வருஷம் அரசே 2,100 என்று நிர்ணயித்தது. 2024இல் வெளிச்சந்தையில் 4,000ஐயும் தாண்டிவிட்டது. சம்பளச் சீட்டில் எண் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் ஊருக்கு அனுப்பும்போது அது ரூபாயாக மாறி இளைத்துப்போய் நிற்கிறது. பைக் வாங்கலாமே என்றால், யாங்கோன் நகரின் பெரும்பகுதியில் மோட்டார் பைக்குக்குத் தடை. சென்னையில் படித்த நாலு வருஷமும் பைக்கிலேயே வாழ்ந்தவனுக்கு இது ஒரு தண்டனைதான்.

அந்த ஆவிக்கு வருவோம். வண்டியை இழுத்துக்கொண்டு போய் விட்ட முதல் ஒர்க்‌ஷாப்பில், பளபளவென்று தரையெல்லாம் டைல்ஸ் போட்ட இடம் அது, பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். ரேடியேட்டர் மாற்றணும், வாட்டர் பம்ப் மாற்றணும், ஹெட் கேஸ்கட்டும் போயிருக்கலாம். மொத்தம் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அந்த மாதம் அம்மாவுக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தது. பணம் ஒன்றுக்குத்தான் இருந்தது.

கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லித்தான் அந்த அண்ணனிடம் போனேன். தாத்தா ராமநாதபுரத்தில் இருந்து வந்தவராம். அண்ணன் பிறந்ததே இங்கேதான், தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. ஆனால் தமிழ் அப்படியே இருக்கிறது, நடுநடுவே பர்மிய வார்த்தைகளோடு. தகரக் கூரை, மண் தரை, லிஃப்ட் கிடையாது. பானட்டைக்கூடத் திறக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"தம்பி, வண்டி ஓடும்போது சூடாவுதா, நிக்கும்போது சூடாவுதா?"

"நிக்கும்போதுதாண்ணே. ஓட ஆரம்பிச்சா சரியாயிடுது."

"அப்ப ரேடியேட்டர் பாவம் என்ன பண்ணும்? ஃபேனப் பாரு."

பொறியியல் படித்தவன் நான், எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறி செய்ய வேண்டும். ஓடும்போதும் சூடானால்தான் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று சந்தேகப்பட வேண்டும். ஏ.சி. முதலில் படுத்துக்கொண்டதும் அதனால்தான், அதன் கண்டென்சருக்கும் அதே காற்றுதான். ஃபேன் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்து முடிந்திருந்தது.

அதோடு விடவில்லை அவர். ஒரு தடவை கொதித்த எஞ்சினை நம்பக் கூடாது என்று ஆயில் ஸ்டிக்கை இழுத்து, பால் காபி நிறம் வந்திருக்கிறதா என்று பார்த்தார். மறுநாள் காலை, எஞ்சின் ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி ஸ்டார்ட் செய்து குமிழி வருகிறதா என்று பார்த்தார். இரண்டும் இல்லை. கேஸ்கட் தப்பித்தது. மூடியைக் கையில் எடுத்து அதன் ரப்பரைக் காட்டினார். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அந்த மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 வரை தாங்குகிறது. மூடி போனால் அந்த இருபது டிகிரியும் போச்சு. வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி வைத்திருந்ததற்கும் ஒரு திட்டு விழுந்தது. குளிர்நாட்டில் பனி உறையாமல் இருக்கத்தான் கூலண்ட் என்று நான் நினைத்திருந்தேன். வெப்பநாட்டில் அதன் வேலை துருவைத் தடுப்பது.

பழைய ஜப்பான் ஃபேன் ஒன்று, புது மூடி, கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து முதல் ஒர்க்‌ஷாப் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அம்மாவுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

இந்த ஊரில் இப்படிப்பட்ட கைகள் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பல பத்தாண்டுகள் இங்கே கார் இறக்குமதி என்பது அனுமதிச் சீட்டு வைத்திருந்த சிலருக்கு மட்டும். பெட்ரோலுக்கும் ரேஷன், 2010 வரை. அதனால் இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட வைப்பது ஒரு தலைமுறையின் படிப்பாகவே இருந்தது. மஸ்டாவின் குட்டி நாலு சக்கர வண்டிகள் டாக்ஸியாக அறுபதுகளின் உடம்போடு இந்த நூற்றாண்டிலும் ஓடின. 2011 செப்டம்பரில் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: கிழட்டு வண்டியை ஒப்படைத்தால் புதிதாக ஒன்றை இறக்குமதி செய்ய அனுமதி. ஒரே இரவில் துருப்பிடித்த தகரத்துக்குத் தங்க விலை. வண்டியைக் கொடுத்து வாங்கிய சீட்டே கைமாறியது. அந்த அலையில்தான் புரோபாக்ஸ்கள் வந்து குவிந்தன.

வந்தவை எல்லாம் வலப்பக்க ஸ்டியரிங். சாலையிலும் வலப்பக்கமாகத்தான் போக வேண்டும். 1970 டிசம்பர் 6 அன்று நே வின் அரசு இடப்பக்கத்தில் இருந்து மாற்றிய விதி இது. ஜோசியர் சொன்னார் என்பது ஊர்க்கதை. லாரியை முந்த வேண்டும் என்றால் எதிரே வருவது எனக்குத் தெரியாது, பக்கத்தில் இருக்கும் மனைவிக்குத்தான் தெரியும். "போங்க... வேணாம் வேணாம்!" இதுதான் எங்கள் நெடுஞ்சாலை உரையாடல். இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. ஜப்பான் ஹெட்லைட் இடப்பக்கமாகக் கொஞ்சம் மேலே அடிக்கும்படி செய்யப்பட்டது. இங்கே இடப்பக்கம் என்றால் எதிரே வருபவன் கண். நான் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறேன்.

கை இறுக்கமாக இருக்கும்போது எதில் மிச்சம் பிடிப்பது என்பதில் எனக்கு இப்போது ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. பெயிண்ட், சீட் கவர், கதவின் கீறல், இவற்றுக்கு ஒரு கியாட் கிடையாது. ஜப்பான் ரேடியோ 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நிற்கட்டும். ஆயிலில் மட்டும் கஞ்சத்தனம் இல்லை. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, ஃபில்டரோடு, நாலு லிட்டருக்குள் முடிந்துவிடும். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஆயில் நன்றாக இருந்தால் அது நெடுநாள் வரும், ஆயில் கெட்டால் முதலில் சத்தம் போடுவதும் அதுதான். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஏனென்றால் அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். யாங்கோனில் வருஷத்துக்கு 2,700 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, சென்னையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குடிப்பதற்கு இங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

உதிரிபாகத்தில் புதுசு எல்லாம் நல்லது என்ற எண்ணமும் எனக்குப் போய்விட்டது. அட்டைப்பெட்டியில் பெரிய கம்பெனிப் பெயர் போட்ட போலியைவிட, மலேசியா நண்பர்கள் ஹாஃப் கட் என்பார்களே, அப்படி அறுத்த வண்டியில் இருந்து எடுத்த பழைய அசல் மேல். ஆனால் பிரேக் பேடும் டயரும் விதிவிலக்கு. டயரின் ஓரத்தில் நாலு எண் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருக்கிறது என்று கடைக்காரர் விரலை விட்டுக் காட்டுவார். நீங்கள் அந்த எண்ணைப் பாருங்கள். பத்து வருஷப் பழைய ரப்பரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு மழையில் போக முடியாது.

சிங்கப்பூரில் பத்து வருஷ உரிமச் சீட்டு முடிந்தால் நன்றாக ஓடுகிற காரும் பெரும்பாலும் ரோட்டை விட்டுப் போய்விடுகிறது. டெல்லியில் டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்று தடை போட்டு, அதற்கு எத்தனை வழக்கு, எத்தனை வாதம். காற்று கெடுகிறது என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் வண்டியின் வயசை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. கவனித்த இருபது வயசும் கவனிக்காத எட்டு வயசும் ஒன்றா? புகையை அளக்கக் கருவி இருக்கிறதே.

போன வாரம் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் சேஸிஸை அங்கங்கே குத்திப் பார்த்தார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் கொஞ்சம் உள்ளே போனது.

"எஞ்சின் போனா நான் பாத்துக்குவேன். இது போச்சுன்னா நீங்க வேற வண்டிதான் பாக்கணும்."

"எவ்வளவு நாள்ணே தாங்கும்?"

துருவைச் சுரண்டி, கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டு எழுந்தார். "ரெண்டு மழை. நல்லா கழுவி வச்சீங்கன்னா மூணு."

இப்போது ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ராத்திரி குழாயைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் தண்ணீர் அடிக்கிறேன். ஆபரேஷன் முடிந்து கண் தெளிந்த அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "மழையிலயே நனைஞ்ச வண்டிய ஏன்டா மறுபடி நனைக்கிற?" என்கிறாள்.