கடைக் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர்: இரைச்சல் வந்தால் எர்த்தை வெட்டாதீர்கள்

காலையில் பக்திப் பாட்டு, மாலையில் சினிமாப் பாட்டு, பண்டிகை நேரத்தில் விலைக் குறைப்பு அறிவிப்பு என்று பில் போடும் கம்ப்யூட்டரிலிருந்தே ஸ்பீக்கருக்குக் கொடுப்பது நம் கடைகளில் சகஜம். ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே வைத்து வரும் பவர்டு ஸ்பீக்கர் என்றால் வேலை இன்னும் சுலபம். ஆனால் மாட்டிய அன்றே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் சேர்ந்து வந்துவிடுகிறது. எங்கள் கடையில் அதைப் போக்க வந்த எலக்ட்ரீசியன், கம்ப்யூட்டர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டுப் போனார். சத்தம் நின்றது. விளைவைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் இணைப்பு. கம்ப்யூட்டரின் பின்பக்கம் உள்ள பச்சை நிறத் துளைதான் ஸ்பீக்கருக்கு உரியது. ரோஸ் நிறம் மைக்குக்கு. முன்பக்கத் துளைக்குப் போகும் ஒயர் பெட்டிக்குள் போர்டின் மேலேயே ஓடுவதால் மௌஸை நகர்த்தினால்கூடக் 'கிர்' என்று கேட்கலாம், அதைத் தவிர்க்கவும். பின்னை மாட்டும்போது ஸ்பீக்கர் அணைந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒலி அளவை 80, 90 சதவீதம் வைத்து, கடைக்கு வேண்டிய சத்தத்தை ஸ்பீக்கர் திருகியில் சரிசெய்யுங்கள். கம்ப்யூட்டரில் குறைத்து ஸ்பீக்கரில் முழுவதும் திருகினால் 'ஸ்ஸ்' என்ற சத்தமும் சேர்ந்து பெருகும். பலருடைய புகார் இதிலேயே தீர்ந்துவிடும்.

'ம்ம்ம்' வேறு ரகம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதுவே காதில் விழுகிறது. ஒயரை ஸ்பீக்கர் பக்கத்தில் கழற்றிப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு ஸ்பீக்கரில். நின்றுவிட்டால், அதே ஒயரில் சார்ஜரில் போடாத செல்போனை மாட்டிப் பாருங்கள். செல்போனில் அமைதி, கம்ப்யூட்டரில் இரைச்சல் என்றால் பெரும்பாலும் எர்த் சுற்றுதான் காரணம். கம்ப்யூட்டருக்கு ஒரு வழியிலும் ஸ்பீக்கருக்கு வேறு வழியிலும் எர்த் கிடைக்கும்போது, இரண்டையும் இணைக்கும் பாட்டு ஒயரின் மேலுறை வழியே சிறு மின்னோட்டம் ஓடுகிறது.

கல்லாவில் யு.பி.எஸ்., வாசலில் தனிப் பிளக் என்று இருக்கும் கடைகளில் இது அதிகம். இரண்டையும் ஒரே மூன்று பின் போர்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். தீரவில்லையென்றால் கம்ப்யூட்டரோடு சேர்ந்த பிரிண்டர், கேமரா பெட்டி, கேபிள் டி.வி. ஒயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கவனியுங்கள். கேபிள் டி.வி. ஒயர் தன் எர்த்தை எங்கிருந்தோ கொண்டுவருகிறது, அது அடிக்கடி அகப்படும் குற்றவாளி. பாட்டு ஒயரைக் கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம்.

இனி வெட்டிய பின்னுக்கு வருவோம். சில வாரம் கழித்துத் துடைப்பதற்காகப் பாட்டு ஒயரைக் கழற்றினோம். ஈரக் கையோடு கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்ட பையன் 'ஷாக்' என்று கத்தினான். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் இருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் எர்த்தை நம்பியே இருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் பெட்டியில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு போயிற்று. பவர் சப்ளையே பழுதாகியிருந்தால் முழு 230 வோல்ட்டும் வந்திருக்கும். அத்தனை நாளும் அந்தப் பெட்டிக்கு எர்த்தாக இருந்தது மெல்லிய பாட்டு ஒயர் ஒன்றுதான். அன்றே பிளக்கை மாற்றினோம். கடையின் எர்த்தையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னோம். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்குள்ளும் காட்டினால் ஓரளவு நம்பலாம். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கத்தை விடாதீர்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத கடைகள் அதையும் போட்டுக்கொள்வது நல்லது.

இரைச்சலுக்கு எங்கள் கடையில் கடைசியில் பலித்தது 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்'. தீப்பெட்டி அளவில், சில நூறு ரூபாயில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிறது. உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள். பாட்டு காந்த வழியாகத் தாண்டும், ஒயர் தொடர்பு அறுந்துவிடும். மலிவானதில் அடித்தொனி கொஞ்சம் குறையும், கடைப் பாட்டுக்கு அது பெரிதல்ல. புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினாலும் ஒயர் இல்லாததால் இந்தத் தொல்லை இராது. ஃப்ரீஸர் ஓடத் தொடங்கும்போது மட்டும் ஒரு 'டக்' இன்னும் கேட்கிறது. அதை நாங்கள் விட்டுவிட்டோம்.