சீதனம், தேடியதேட்டம், உறுதி: சொல் ஒன்றுதான், சட்டத்தில் பொருள் வேறு

1958, 1977 ஆம் ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் வடக்குக்கும் கிழக்குக்கும் போய்க் குடியேறின. மட்டக்களப்புப் பக்கம் போனவர்களும் அவர்களில் உண்டு. இன்றைக்கும் சேமலாபக் காசு கைக்கு வந்ததும் வாவிக் கரையில் துண்டுக் காணி பார்க்கிறவர்களையும், அங்கே பெண் கொடுத்து எடுத்தவர்களையும் நாங்கள் சந்திக்கிறோம். காணிக் காகிதம் பற்றிப் பேச வரும்போது சீதனம், தேடியதேட்டம், உறுதி, பெர்மிட் என்ற சொற்கள் அவர்கள் வாயில் தாராளமாக வருகின்றன. வாயில் வரும் பொருளும் சட்டத்தில் உள்ள பொருளும் பல நேரம் ஒன்றல்ல. அதனால்தான் இந்த இதழில் அவற்றை ஒவ்வொன்றாக விளக்குகிறோம்.

எந்தச் சட்டம் நமக்கு?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். "தமிழர் என்றால் தேசவழமைதானே" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தேசவழமை யாழ்ப்பாணத்து வழக்கங்களின் தொகுப்பு. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி அதை எழுதித் தொகுத்தார். ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அது யாழ்ப்பாண மாகாணத்து "வாசிகளுக்கு" உரியது என்று எழுதப்பட்டதால், வாசி என்றால் யார் என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் போனது. சில காலம் போய்த் தங்கினவர் வாசி ஆகமாட்டார், வடக்கை நிரந்தர வீடாகக் கொண்ட தமிழரே வாசி என்பதே அதற்குக் கிடைத்த விளக்கம்.

மட்டக்களப்பில் முன்பு முக்குவர் சட்டம் என்று வேறொன்று இருந்தது. அதில் முதுசச் சொத்து பெண்வழியாக, தாய்மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 1876 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்ததோடு அது சட்டமாக இருப்பது நின்றுவிட்டது. ஆகவே மட்டக்களப்புத் தமிழருக்கும் நமக்கும் இன்று பொதுச் சட்டமே பொருந்தும். மலைநாட்டில் வாழ்கிறோம் என்பதற்காகக் கண்டியச் சட்டமும் நமக்கு வராது. அது கண்டியச் சிங்களவருக்கு உரியது.

சீதனம்

முக்குவர் சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீடு மகளுக்குத்தான், மருமகன் பெண் வீட்டுக்கு வருவார். நல்ல வழக்கம்தான். ஆனால் "சீதனமா குடுத்த வீடு, ஊருக்கே தெரியும், எழுத்து எதுக்கு?" என்று விட்டுவிடக் கூடாது.

1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியோ வீடோ கைமாற வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும், குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் கண்மூடிய பிறகும் அந்த வீடு அவருடைய சொத்தாகவே கணக்கில் வரும். மரணசாசனம் இல்லை என்றால் பாதி மனைவிக்கும், மற்றப் பாதி ஆண் பெண் பேதமின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகவும் போகும். "என் சீதன வீடு" என்று இருபது வருசம் குடியிருந்த மகள் அண்ணன் தம்பியோடு பங்குக்கு நிற்க வேண்டி வரும்.

நன்கொடை உறுதி எழுதும் பெற்றோர் தங்கள் ஆயுள் உரித்தை வைத்துக்கொண்டு எழுதலாம். அப்படி எழுதினால் வீடு மகள் பேருக்குப் போகும், பெற்றோரைச் சாகும்வரை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது.

தேடியதேட்டம்

கல்யாணத்துக்குப் பின் புருசனும் பெண்சாதியும் சேர்ந்து தேடினது தேடியதேட்டம். ஊர்ப் பேச்சில் இது எல்லாருக்கும் பொது. சட்டத்தில் இது தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே உரிய சொல். பொதுச் சட்டத்தில் உறுதியில் யார் பேரோ அவரே சொந்தக்காரர். கொழுந்து பறித்த காசு முழுவதையும் மனைவி கொடுத்திருந்தாலும், உறுதி கணவன் பேரில் மட்டும் இருந்தால் பாதி தன்னுடையது என்று நிலைநாட்டுவது லேசான காரியமல்ல. எனவே காணி வாங்கும்போதே இருவர் பேரையும் எழுதுவியுங்கள்.

கல்யாணத்தாலும் சட்டம் மாறும். தேசவழமைக்கு உட்பட்ட ஆணை நம் பெண் கட்டினால், அந்தக் கல்யாணம் இருக்கும்வரை அவளுக்கும் தேசவழமை பொருந்தும். அப்போது தன் காணியை விற்பதற்கும் கணவனின் சம்மதம் வேண்டும். மாப்பிள்ளை மட்டக்களப்புத் தமிழர் என்றால் அந்தத் தடை இல்லை. 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மணமான பெண் தன் சொத்தைத் தானே விற்கலாம், கொடுக்கலாம். யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை மட்டக்களப்பில் வேலை செய்து குடியிருந்தாலும், அவருடைய நிரந்தர வீடு எது என்றுதான் பார்க்கப்படும்.

உறுதியும் பெர்மிட்டும்

இங்கேதான் அதிகம் காசு போகிறது. உறுதிக் காணி தனியார் சொத்து, விற்கலாம். பெர்மிட் காணி, அதாவது அனுமதிப்பத்திரக் காணி, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் பயிர் செய்யவும் குடியிருக்கவும் கொடுத்தது. அதை விற்கிற உரிமை வைத்திருப்பவருக்கு இல்லை. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியையும் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. முத்திரைக் காகிதத்தில் எழுதி, பெரியவர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. காசும் போகும், காணியும் வராது.

பின்னுரித்தாளர்

பெர்மிட் காணிக்காரர் இறந்தால் கணவனோ மனைவியோ தம் ஆயுள்வரை அனுபவிக்கலாம். அதன்பின் காணி பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளருக்குப் போகும். பெயர் குறிக்காவிட்டால் முன்பு மகளைவிட மகனுக்கே முதலிடம் இருந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஆண் பெண் பேதத்தை நீக்கியது. இருந்தாலும் பிள்ளைகளுக்குள் சண்டை வராமலிருக்க, உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

கடைசியாக

காணிக்கு முற்பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இது உறுதியா, பெர்மிட்டா? யார் பேரில் இருக்கிறது? உறுதி என்றால் மட்டக்களப்புக் காணிப் பதிவகத்திலும், பெர்மிட் என்றால் அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்திலும் விசாரிக்கலாம். செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர் என்று நம்மில் பலருக்கு உண்டு. உறுதி எழுதுவதற்கு முன்பே அதைச் சரிசெய்து கொள்ளுங்கள். காகிதத்தில் உள்ள சொல் விளங்கவில்லை என்றால் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காமல் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். வாசித்து விளக்குகிறோம். வழக்குக்குப் போகிற அளவு விசயம் என்றால் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். முப்பது வருசம் மலையேறி உழைத்த காசு அது. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாததால் அது போய்விடக் கூடாது.